ஒண்டாச்சி: ஓர் அரிய குடும்பப்பெயரும் அந்தப் பெயரில் வாழ்ந்தவர்களும்

கேள்வி இது: "மைக்கேல் ஒண்டாட்ஜே என்ற எழுத்தாளரின் குடும்பப்பெயர் ஒல்லாந்தப் பெயரா? லண்டனில் ஓர் அரங்கத்தின் ஒரு பகுதிக்கு அதே பெயர் இருக்கிறது. நெதர்லாந்து வரலாற்றிலும் அதே பெயரில் ஒரு புரட்சிக்காரர் வருகிறார். இவர்கள் எல்லாம் ஒரே குடும்பமா? தமிழில் இந்தப் பெயரை எப்படி எழுதுவது?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுத்துக்கூட்டல்தான் ஒல்லாந்தம், பெயர் தமிழ். நீங்கள் குறிப்பிடும் மூவரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். தமிழில் "ஒண்டாச்சி" என்று எழுதுங்கள். அவர்களுடைய பெயரை ஆங்கிலத்தில் உச்சரிப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். "ஒண்டாட்ஜே", "ஒண்டாட்ஜி" என்பவை ரோமன் எழுத்தைப் பார்த்துத் தமிழில் படியெடுத்த வடிவங்கள். பெயரின் ஒலி அவற்றில் இல்லை.

எழுத்துக்கூட்டலிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தக் குடும்பத்தின் கதைக்குச் சாவி அதில்தான் இருக்கிறது. ரோமன் எழுத்தில் இந்தப் பெயர் எட்டு எழுத்து: ஓ, என், டி, ஏ, ஏ, டி, ஜே, ஈ. பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்த எழுத்தர் ஒருவர் மேசையில் உட்கார்ந்திருக்கிறார், எதிரே நிற்பவர் "ஒண்டாச்சி" என்று தன் பெயரைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று எழுத்து "ஒண்ட்". ண, ந, ன வேறுபாடு அவருக்குக் கேட்காது, எழுதவும் எழுத்து கிடையாது. அடுத்து வரும் நெடில் ஆகாரத்துக்கு ஒல்லாந்த வழக்கப்படி ஏ எழுத்தை இரண்டு முறை போடுகிறார். பிறகு "ச்ச" வருகிறது. அந்த ஒலிக்கு ஒல்லாந்தர் கையாண்டது டி, ஜே என்ற இரண்டெழுத்துக் கூட்டு. ஜாவாவில் அவர்கள் ஆண்ட ஊர்ப்பெயர்களிலும் இதே பழக்கத்தைப் பார்க்கலாம். சிலாச்சாப் என்ற துறைமுகத்தின் பெயரில் இரண்டு இடத்திலும் டி-ஜே எழுதினார்கள். இந்தோனேசியா 1972இல் எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோது அந்தக் கூட்டு ஒற்றைச் சி எழுத்தாக மாறியது. கடைசியில் நிற்கும் ஈ, ஒல்லாந்தத்தில் சொல் முடிவில் வரும் மெலிந்த உயிரொலி. "ஆச்சி"யின் கடைசி இகரமும் பேச்சில் மெலிந்துதான் கேட்கிறது. ஆக எட்டு எழுத்தில் ஒன்றுகூட வீணாகப் போடப்படவில்லை. கேட்ட ஒலியை அந்த எழுத்தர் ஒழுங்காகவே பதிந்திருக்கிறார்.

பிறகு குழப்பம் எங்கிருந்து வந்தது? டி-ஜே-ஈ என்ற முடிவு ஒல்லாந்தத்தில் சிறுமையைக் குறிக்கும் விகுதி. முட்டை என்ற சொல்லோடு அதைச் சேர்த்தால் சின்ன முட்டை. அதனால் இந்தப் பெயரைப் பார்க்கும் எவருக்கும் அச்சு அசல் ஒல்லாந்தப் பெயர்போலத் தோன்றும். ஆனால் விகுதியைக் கழற்றினால் மிஞ்சும் "ஒண்டா" என்பதற்கு அந்த மொழியில் பொருள் கிடையாது. பெயர் அந்த மொழியில் பிறக்கவில்லை என்பதற்கு அதுவே தடயம்.

இனி ஆள் யார் என்பதற்கு வருவோம். குடும்ப வரலாற்றின்படி இந்தப் பெயரின் முதல் ஆள் தஞ்சாவூரைச் சேர்ந்த ஒரு மருத்துவர். 1659இல் கொழும்புக்கு வந்தார். அப்போதைய ஒல்லாந்த ஆளுநர் அட்ரியான் வான் டெர் மெய்டனின் வீட்டில் நோயுற்றிருந்தவரைக் குணப்படுத்த வரவழைக்கப்பட்டார். கிறிஸ்தவராகி மைக்கேல் யூரி என்ற பெயரை ஏற்றார், தன் பெயரைக் குடும்பப்பெயராக வைத்துக்கொண்டார். நோயாளி ஆளுநரின் மனைவி என்று ஒரு மரபும் மகள் என்று இன்னொரு மரபும் சொல்கின்றன. அந்த ஒரு விவரத்தை உறுதியாகச் சொல்கிற கட்டுரைகளை நம்ப வேண்டாம்.

ஆண்டை மட்டும் சோதித்துப் பார்க்கலாம், சோதிக்கவும் வேண்டும். மைக்கேல் ஒண்டாச்சி 1982இல் வெளியிட்ட குடும்ப நினைவு நூலில் முன்னோர் வந்த ஆண்டு 1600 என்று இருக்கிறது. இணையத்தில் பலர் அதையே எடுத்துப் போடுகிறார்கள். அது பொருந்தாது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியே 1602இல்தான் தொடங்கியது. கொழும்புக் கோட்டை போர்த்துக்கீசரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு வந்தது 1656 மே மாதம். 1600இல் இலங்கையில் ஒல்லாந்த ஆளுநர் இருக்க வழியே இல்லை. 1659 என்றால் எல்லாம் இடத்தில் அமர்கிறது. 1658இல் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் ஒல்லாந்தரிடம் விழுந்திருந்தன. தஞ்சை நாயக்கர் ஆட்சி இன்னும் நடந்துகொண்டிருந்தது. நாகையிலிருந்து கொழும்புவரை கம்பெனிக் கப்பல் போய்வரும் காலம். வான் டெர் மெய்டனும் அப்போது பதவியில் இருந்தார். அந்த நூல் நினைவையும் வாய்மொழியையும் கொண்டு நெய்த இலக்கியம். ஆண்டுக்கணக்குக்கு அதை ஆதாரமாகத் தூக்கிப்பிடிப்பது அந்த நூலுக்கும் நியாயமல்ல.

இந்தக் குடும்பத்தில் தமிழ் வாசகர்கள் அதிகம் அறியாதவரும் என் கணிப்பில் மிகப் பெரியவருமானவர் பீட்டர் பிலிப் யூரியான் குவின்ட் ஒண்டாச்சி. பிறப்பு 1758 ஜூன் 18, கொழும்பு. தந்தை வில்லெம் யூரியான் சீர்திருத்தச் சபைப் போதகர். தாய் ஹெர்மினா குவின்ட் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்தவர். மகனின் பெயர் நடுவே நிற்கும் "குவின்ட்" தாய்வீட்டுக் குடும்பப்பெயர். படிப்புக்காக நெதர்லாந்து போன இளைஞர் உட்ரெக்ட் நகரில் அரசியலில் இறங்கினார். அங்கே 1674ஆம் ஆண்டு விதி ஒன்று இருந்தது. நகரசபை நியமனங்களில் கடைசிச் சொல், நெதர்லாந்தின் தலைமைப் பதவியில் இருந்த ஓரெஞ்சு குடும்பத்து ஆளுநருடையது. நகர மக்களே தங்கள் சபையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 'தேசபக்தர்கள்' எனப்பட்ட இயக்கம் கிளம்பியபோது, உட்ரெக்டில் தொண்டர் படையின் தலைவராகவும் மக்கள் சார்பில் பேசுபவராகவும் முன்னால் நின்றவர் இவர். 1786 ஆகஸ்டில் பழைய சபை அகற்றப்பட்டுப் புதிய சபை பதவியேற்றது. பிரெஞ்சுப் புரட்சிக்கு மூன்று ஆண்டு முன்பு, ஓர் ஐரோப்பிய நகரத்தில் தேர்தல் வழி ஆட்சிக்காகப் படை திரட்டி நின்றவரின் குடும்பப்பெயர் தஞ்சாவூரிலிருந்து வந்தது. இதை நம் பாடப்புத்தகம் எதிலாவது நான்கு வரியாவது சேர்க்க வேண்டும்.

வெற்றி நீடிக்கவில்லை. 1787 செப்டம்பரில் பிரஷ்யப் படை உள்ளே புகுந்து ஓரெஞ்சு ஆளுநரை மீண்டும் அமர்த்தியது. ஒண்டாச்சி பிரான்சுக்குத் தப்பினார். 1795இல் பிரெஞ்சு ஆதரவோடு நெதர்லாந்தில் பட்டாவியக் குடியரசு உருவானபோது திரும்பி வந்து அரசுப் பணிகளில் இருந்தார். நெப்போலியன் வீழ்ந்த பின் கீழைநாட்டுக் குடியேற்றங்களுக்குப் புறப்பட்டவர் 1818இல் பட்டாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், இறந்தார். பிறந்த ஊருக்குப் போகவில்லை. அதற்குள் கொழும்பு ஆங்கிலேயர் கைக்கு மாறி 22 ஆண்டு ஆகியிருந்தது. நெதர்லாந்து நூல்களில் இவரைத் தேடும்போது "குவின்ட் ஒண்டாச்சி" என்று இரட்டைப்பெயராகத் தேடுங்கள். சில அகரவரிசைகளில் ஓ எழுத்தில் இருக்க மாட்டார், க்யூ எழுத்தில் இருப்பார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் சார்ல்ஸ் ஒண்டாச்சி என்ற மருத்துவரும் தாவரவியலாளரும் இருந்தார். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பைச் சில காலம் பார்த்தவர், இலங்கையின் மூலிகைகளையும் நச்சுச் செடிகளையும் பற்றி எழுதியவர். அவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டில் உலகறிந்தவர்கள் இரண்டு சகோதரர்கள். மூத்தவர் கிறிஸ்டோபர், 1933இல் கண்டியில் பிறந்தவர். இங்கிலாந்தில் பள்ளிப்படிப்பு, 1956இல் கனடா. பனிச்சறுக்குவண்டிப் போட்டியில் 1964 இன்ஸ்புருக் குளிர்கால ஒலிம்பிக்கில் கனடாவின் நால்வர் அணி ஒன்றில் இருந்தார். அந்த ஆண்டு கனடா நால்வர் பிரிவில் தங்கம் வென்றது உண்மைதான், ஆனால் தங்கம் வென்றது கனடாவின் இன்னொரு வண்டி. இவர் இருந்த வண்டி 14ஆம் இடம். "ஒலிம்பிக் தங்கம் வென்ற ஒண்டாச்சி" என்று எழுதுகிறவர்கள் இரண்டு வண்டியையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். பிறகு நிதித்துறையிலும் பதிப்புத்துறையிலும் பொருளீட்டி 1988இல் வணிகத்தைவிட்டு வெளியேறி எழுத வந்தார். லண்டன் தேசிய உருவப்பட அரங்கத்தில் 2000இல் திறந்த பகுதிக்கு அவர் பெயர் இருப்பது அதற்கு அவர் கொடுத்த பெருங்கொடையால். 2003இல் சர் பட்டம். இடத்தின் உயிரைக் காட்டும் நூலுக்கென 2004 முதல் பிரிட்டனின் அரச இலக்கியக் கழகம் வழங்கும் 10,000 பவுண்டு பரிசும் இவர் பெயரில்தான். பரிசை எழுத்தாளர் தம்பியின் பெயரோடு சேர்த்து எழுதும் பிழையைச் செய்தித்தாள்களிலேயே பார்க்கலாம். மட்டக்களப்புப் பக்கம் புணானையில் 1924இல் சுடப்பட்ட ஆட்கொல்லிச் சிறுத்தையைப் பற்றி இவர் 1992இல் ஒரு நூல் எழுதினார். அந்தச் சிறுத்தையைத் தேடிப் போன பயணத்தில் தந்தையைப் பற்றிய தேடலும் கலந்திருக்கிறது.

இளையவர் மைக்கேல், 1943 செப்டம்பர் 12இல் கொழும்பில் பிறந்தவர். 1954இல் இங்கிலாந்து, 1962இல் கனடா. 1992இல் வெளிவந்த "இங்கிலிஷ் பேஷன்ட்" நாவலுக்குப் புக்கர் பரிசு கிடைத்தது. அந்த ஆண்டு பரிசை பாரி அன்ஸ்வர்த்தோடு பகிர்ந்துகொண்டார். புக்கரின் ஐம்பதாண்டு நிறைவையொட்டி 2018இல் பழைய வெற்றி நூல்களிலிருந்து ஒன்றைப் பொன் புக்கராகத் தேர்ந்தெடுத்தபோது அதே நாவல் வென்றது. இலங்கைச் சிலந்தி ஒன்றுக்கு 2016இல் "பிரிக்னோலியா ஒண்டாட்ஜேய்" என்று அறிவியல் பெயர் வைத்தது இவரைக் கருதித்தான்.

சகோதரர் இருவர் பெயரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அண்ணனின் முழுப்பெயர் பிலிப் கிறிஸ்டோபர், தம்பி பிலிப் மைக்கேல், அவர்களின் தந்தை பிலிப் மெர்வின். தாத்தாவும் பிலிப். 1758இல் பிறந்த புரட்சிக்காரர் பீட்டர் பிலிப். இந்தக் குடும்பத்தில் பிலிப் என்பது கூப்பிடுகிற பெயர் அல்ல, கைமாறி வரும் பெயர். தலையெழுத்தை மட்டும் பார்த்து "பி. எம். ஒண்டாச்சி" என்று ஓர் ஆவணத்தில் கண்டால் அது தந்தையா மகனா என்று ஆண்டை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். யூரி, யூரியான், யூர்கன் என்பவையும் அப்படியே. மூன்றுமே ஜார்ஜ் என்ற பெயரின் ஒல்லாந்த, ஜெர்மானிய வடிவங்கள். 17ஆம் நூற்றாண்டு மருத்துவர் யூரி, 18ஆம் நூற்றாண்டுப் போதகர் யூரியான், 19ஆம் நூற்றாண்டில் யூர்கன். ஓர் ஒண்டாச்சியின் பெயர் நடுவே இவற்றில் ஒன்று இருந்தால் பழைய கிளை என்று ஊகிக்கலாம். ஆனால் அண்ணன் மகனும் தம்பி மகனும் ஒரே பெயரில் இருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே பெயர் பொருந்துவது மட்டும் போதாது. பெற்றோர் பெயரில் ஒன்றாவது பொருந்த வேண்டும்.

பிறப்பால் ஒண்டாச்சி அல்லாதவர்களும் இந்தப் பெயரில் புகழ்பெற்றிருக்கிறார்கள். கிம் ஒண்டாச்சி 1928இல் டொராண்டோவில் பிறந்த கனடிய ஓவியர், மைக்கேலை மணந்ததால் இந்தப் பெயர் வந்தது. 1968இல் ஜாக் சேம்பர்ஸ், டோனி உர்க்ஹார்ட் ஆகியோரோடு சேர்ந்து கனடிய ஓவியர்களுக்கான உரிமைச் சங்கத்தைத் தொடங்கியவர். ஒரே குடும்பப்பெயர் கொண்டவர்கள் என்று பட்டியல் போடுகிறவர்கள் அவரை "இலங்கை வம்சாவளி ஓவியர்" என்று எழுதிவிடுகிறார்கள். பட்டியல் போடும்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பிறப்பாலா, மணத்தாலா, தத்தாலா, புனைபெயரா என்று ஒரு சொல் எழுதிவையுங்கள். பாதிப் பிழை அங்கேயே போய்விடும்.

சகோதரர்களின் தாய் டோரிஸ் கிராஷியன். அதுவும் அரிய பெயர்தான். புக்கர் பணத்தைக் கொண்டு மைக்கேல் இலங்கையில் தொடங்கிய ஆங்கில இலக்கியப் பரிசுக்குத் தாயின் குடும்பப்பெயரையே வைத்தார். முதல் பரிசு 1993இல், கார்ல் முல்லரும் லலிதா விதானாச்சியும் பகிர்ந்துகொண்டார்கள். ஒண்டாச்சி என்ற பெயரில் தேடினால் இந்தப் பரிசு கண்ணில் படாமல் போகும்.

இப்போது உங்கள் கேள்வியின் உள்ளே இருக்கும் இன்னொரு கேள்வி: இவர்கள் தமிழரா, பறங்கியரா?

பறங்கியர் யார் என்பதற்குத் தலைமை நீதிபதி ரிச்சர்ட் ஒட்லி 1830ஐ ஒட்டி விசாரணை ஆணையத்தின் முன் கொடுத்த விளக்கமே நெடுங்காலம் வழங்கியது. தந்தைவழி முன்னோர் ஐரோப்பியராக இருந்து, பெற்றோர் முறையாக மணந்தவர்களாக இருந்தால், தாய் யாராயினும் பிள்ளை பறங்கியர். 1908இல் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கமும் ஆண்வழியையே அளவாக வைத்தது. அந்த விதியை எழுத்துக்கு எழுத்து வைத்தால் தஞ்சை மருத்துவரின் ஆண்வழியில் வந்தவர்கள் அதற்குள் அடங்க மாட்டார்கள். ஆனால் மொழி, மதம், மணவுறவு, வாழ்க்கைமுறை எல்லாவற்றிலும் பறங்கியரோடு கலந்தவர்கள் அவர்கள். இன்னொரு பக்கம், தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறிய வணிகச் சமூகமான கொழும்புச் செட்டிகளின் குடும்பப்பெயர்களிலும் ஒண்டாச்சி ஒன்று. காசிச்செட்டி, அசரப்பா, கந்தப்பா, முத்துக்கிருஷ்ணா, பாபாபுள்ளே, பெர்னாண்டோபுள்ளே என்ற பெயர்களோடு சேர்ந்து வருவது. "பிள்ளை" ரோமன் எழுத்துக்குப் போய் "புள்ளே" ஆனதும் "ஒண்டாச்சி" ஒல்லாந்த உடையில் உறைந்ததும் ஒரே வகை நிகழ்வு. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இலங்கைச் செட்டி தனி இனமாகவே எண்ணப்பட்டது.

இந்தக் கலப்பை ஒரே கல்லில் காட்டலாம். மைக்கேல் தன் நினைவு நூலில் கொழும்பு ஜிந்துப்பிட்டி புனித தோமையார் ஆலயத்தின் தரையில் பதித்த ஒரு கல்லறைக் கல்லின் வாசகத்தை எடுத்து எழுதியிருக்கிறார். நடாலியா அசரப்பா, பிலிப் யூர்கன் ஒண்டாச்சியின் மனைவி, பிறப்பு 1797, மணம் 1812, இறப்பு 1822, வயது 25. அந்தக் கல்லை மெதுவாகப் படியுங்கள். அசரப்பா என்பது கொழும்புச் செட்டிக் குடும்பம். கணவரின் பெயரில் பிலிப், யூர்கன் இரண்டும் இருக்கின்றன. ஆண்டுகளைக் கழித்தால் மணந்தபோது வயது 15, மணவாழ்க்கை பத்தே ஆண்டு. ஆங்கிலேயர் ஆட்சி வந்து ஒரு தலைமுறை கடந்தும் பெயரின் நடுவே ஒல்லாந்தம், மனைவியின் பெயரில் தமிழ், கல்லில் அவள் பிறந்தவீட்டுப் பெயரும் தனியாக. குடும்பப்பெயர் ஆய்வு செய்பவருக்கு இதைவிட நல்ல ஆவணம் அரிது, ஏனென்றால் மனைவியின் பிறந்தவீட்டுப் பெயரை எழுதாத பதிவேடுகள்தான் அதிகம்.

ஆகையால் "புக்கர் வென்ற தமிழர்" என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. "ஒல்லாந்த வம்சாவளி" என்று மட்டும் எழுதுவதும் உடன்பாடில்லை. கணக்குப் பாருங்கள்: 1659க்கும் 1943க்கும் இடையே 284 ஆண்டு. தலைமுறைக்கு முப்பது ஆண்டு என்றால் ஒன்பது தலைமுறைக்குமேல். ஒன்பதாம் தலைமுறையில் ஒருவருக்கு முன்னோர் இடங்கள் 512. குடும்பப்பெயர் அந்த 512இல் ஒரே ஒருவரிடமிருந்து வருகிறது. மீதி 511 இடங்களில் போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், சிங்களர், செட்டிகள் என்று யார் யாரோ இருக்கிறார்கள். பெயரின் மூலம் தமிழ், ஆளின் மூலம் பல. இரண்டையும் தனித்தனியே சொல்லிவிட்டால் சண்டையே இல்லை.

ஒரே குடும்பப்பெயர் என்றால் ஒரே குடும்பமா என்ற கேள்விக்கு ஒண்டாச்சி விஷயத்தில் ஆம் என்று சொல்ல முடிகிறது. காரணம், எழுத்துக்கூட்டல் ஒரே முறை, ஒரே இடத்தில், ஒரே ஆளுக்கு உறைந்தது. எல்லாப் பெயருக்கும் இப்படிச் சொல்ல முடியாது. இலங்கைப் பறங்கியரிடையே யான்ஸ், பீட்டர்ஸ் என்று முடியும் பெயர்கள் நிறைய உண்டு. கடைசியில் உள்ள எஸ்-இசட் என்பது ஒல்லாந்தத்தில் "மகன்" என்ற சொல்லின் சுருக்கம். யானின் மகன் யான்ஸ். யான் என்று ஆயிரம் பேர் இருந்தார்கள், ஆகவே யான்ஸ் குடும்பங்களும் பல.

தமிழ்ப்பெயரில் சிக்கல் இன்னும் கூடுதல். நமக்குத் தந்தை பெயர்தான் பின்னால் நிற்கும், அடுத்த தலைமுறையில் அது மாறும். குமாரசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறுமுகம்பிள்ளை குமாரசாமி முதலியாரின் மகன் சர் முத்து குமாரசாமி (1834–1879). அவருக்குக் குமாரசாமி தந்தை பெயர். அவர் மகன் ஆனந்த குமாரசாமிக்கு (1877–1947) அது தாத்தா பெயர், இங்கிலாந்தில் வளர்ந்ததால் குடும்பப்பெயராக உறைந்துவிட்டது. முத்து குமாரசாமியின் சகோதரி மகன்கள் மூவர்: பொன்னம்பலம் குமாரசாமி, பொன்னம்பலம் இராமநாதன், பொன்னம்பலம் அருணாசலம். மூத்தவருக்குக் குமாரசாமி என்பது சொந்தப் பெயர், தாத்தாவை நினைத்து வைத்தது. கடைசிப் பெயரை மட்டும் வைத்துப் பிரித்தால் உடன்பிறந்த இந்த மூவரும் மூன்று குடும்பத்தார் ஆகிவிடுவார்கள். எங்கோ மலேசியாவிலோ கோவையிலோ இருக்கும் ஒரு குமாரசாமி ஆனந்தரின் உறவினர் ஆகிவிடுவார். இணையத்தில் உள்ள தானியங்கி வம்சமரத் தளங்கள் செய்வது இதைத்தான்.

சரிபார்க்க விரும்பினால் எதைத் தொடுவது என்று சொல்கிறேன். தேடத் தொடங்குமுன் எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பெயருக்குக் குறைந்தது ஆறு வேண்டும்: ஏ இரண்டோடு, ஏ ஒன்றோடு, கடைசியில் ஈ, கடைசியில் ஐ, கடைசியில் ஐ-ஈ, டி-ஜேக்குப் பதில் டி-சி-எச். மின்னுருவாக்கிய பழைய பக்கங்களில் டி எழுத்தின் குறுக்குக்கோடு மங்கியிருந்தால் கணினி அதை எல் என்று படித்திருக்கும், ஜே எழுத்தின் வால் தெரியாவிட்டால் ஐ என்று படித்திருக்கும். "கிடைக்கவில்லை" என்று வந்தால் பாதி நேரம் அதுதான் காரணம்.

அடுத்து, காலத்துக்கேற்ற பதிவேட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1656 முதல் 1796 வரை ஒல்லாந்தர் காலம். கொழும்பு தேசிய சுவடிகள் காப்பகத்தில் கம்பெனி ஆவணங்களும் தோம்புகள் எனப்படும் அக்காலப் பதிவேடுகளும் இருக்கின்றன. காணித் தோம்பு நிலத்தைச் சொல்லும், தலைத் தோம்பு வீட்டாரைச் சொல்லும். பள்ளித் தோம்பில் உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் திருமுழுக்கும் திருமணமும் ஊர்வாரியாக இருக்கும். ஐரோப்பியரும் அவர்களோடு கலந்தவர்களும் கொழும்பு வுல்ஃபெண்டால் போன்ற ஆலயப் பதிவேடுகளில் வருவார்கள். நெதர்லாந்தில் கப்பலேறிய கம்பெனி ஊழியர்களின் பட்டியல் இணையத்தில் தேடக் கிடைக்கிறது. அதில் முதல் ஒண்டாச்சியைத் தேடி ஏமாறாதீர்கள். அந்தப் பட்டியல் 18ஆம் நூற்றாண்டுக்குரியது, அதுவும் ஐரோப்பாவிலிருந்து புறப்பட்டவர்களுக்கு. தஞ்சாவூரிலிருந்து வந்தவர் அதில் இருக்க முடியாது. 1796க்குப் பின் சில பத்தாண்டுகள் ஆலயப் பதிவும் கல்லறைக் கல்லும்தான் துணை. 1860களின் பிற்பகுதியிலிருந்து அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு கைகொடுக்கும்.

ஒல்லாந்தப் பதிவேட்டில் தேதி படிக்கும்போது தவறாமல் வரும் பிழை ஒன்று. எண் 7 போட்டுப் பக்கத்தில் "பெர்" என்று எழுதியிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். இலத்தீனில் செப்டெம் ஏழு. அதேபோல 8 அக்டோபர், 9 நவம்பர், 10 அல்லது எக்ஸ் குறி டிசம்பர். ஏழாம் மாதம் என்று எண்ணிப் பிறந்தநாளை இரண்டு மாதம் முன்தள்ளி எழுதியவர்கள் பலர். இன்னொன்று, ஆலயப் பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் திருமுழுக்கு நாள். அதைப் பிறந்தநாள் என்று எழுதக் கூடாது. பிறந்த நாள் தனியாகக் குறித்திருந்தால் மட்டும் எடுங்கள்.

தமிழில் எழுதும் முறைக்கு வருகிறேன். கட்டுரையின் உடலில் "மைக்கேல் ஒண்டாச்சி" என்று எழுதுங்கள். இலங்கையில் மைக்கல் என்பார்கள், அதில் தவறில்லை. ஏற்கெனவே "ஒண்டாட்ஜே" என்று அச்சான தமிழ்க் கட்டுரைகளையும் மொழிபெயர்ப்புகளையும் படித்தவர்களுக்காக முதல் இடத்தில் மட்டும் "ஒண்டாட்ஜே என்றும் எழுதப்படும்" என்று ஒரு வரி சேருங்கள். நூலகப் பட்டியலில் இரண்டு வடிவத்தையும் ஒன்றுக்கொன்று சுட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஆசிரியரின் நூல்கள் இரண்டு அட்டையில் பிரிந்து கிடக்கும். சிலந்தியின் பெயரை மட்டும் ஒண்டாச்சி ஆக்காதீர்கள். அது அறிவியல் பெயர், எழுத்தைப் பின்பற்றியே வரும். "ஆச்சி" என்ற முறைப்பெயரோடு இந்தப் பெயரை முடிச்சுப் போட்டுப் பொருள் சொல்லும் விளக்கங்களையும் சேர்க்க வேண்டாம். ஒலி ஒத்துப்போவதால் மட்டும் பொருள் ஒத்துப்போவதில்லை.